ஆகாத கல்யாணம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கணவர் என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "யார்கிட்ட ஒன்பது நிமிஷம் பேசின?" என்றார். அம்மாவிடம்தான். அம்மா சொன்னது: "கல்லானாலும் கணவன்டி, பொறுத்துக்கோ." கல் என்றால் கிடந்த இடத்தில் கிடக்குமே, போனையெல்லாம் நோண்டாது. சொல்லவில்லை. ஆறு வருஷமாகச் சொல்லாமல் விட்டதே ஒரு மூட்டை தேறும்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பெண் நின்றார். சீட்டு கேட்டேன்.

"சீட்டு இல்லங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

பள்ளிக்கூட டீச்சராம். பையிலிருந்து கல்யாணச் சான்றிதழ் ஒன்றை எடுத்தார். பதினொரு வருஷம் முந்தைய தேதி. மாப்பிள்ளை பெயர், என் கணவர் பெயர். அதே வால் நீண்ட கையெழுத்து.

"விவாகரத்து கேட்டு மூணு நோட்டீஸ் அனுப்பினேன். ஆள் விலாசத்தை மாத்திக்கிட்டே இருக்கார். உங்களோட சண்டைக்கு வரலைங்க. உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு."

அடுத்து வந்த பெரியவரிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்து நின்றார்.

மார்ச் 12

கேட்டேன். "அது முடிஞ்சுபோன கதை" என்றான். முடிஞ்சதுக்கு பேப்பர் எங்க? இவ்வளவு பெரிய பொய்யை வச்சுக்கிட்டு என் போனையா நோண்டின நீ? — பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வந்துட்டேன்.

மார்ச் 15, சனி

அக்காவுடன் வக்கீலம்மாவைப் பார்த்தேன். விவாகரத்து வேண்டும் என்றேன்.

"கிடைக்காதும்மா."

அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "கல்யாணம் ஆகியிருந்தாத்தானே விவாகரத்து? முதல் கல்யாணம் முறியாம செஞ்ச ரெண்டாவது செல்லாது. அப்படின்னு கோர்ட்ல ஒரு தீர்ப்பு வாங்கினா போதும். ஏமாத்தினதுக்குத் தனியா போலீஸ்ல புகார் குடுக்கலாம். அது உங்க இஷ்டம்."

பாப்பா? அதையும் கேட்டேன்.

"பிள்ளை மேல சட்டம் குத்தம் சொல்லாது. அப்பா பேரும் நிக்கும், அவரோட பொறுப்பும் நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்கவே இல்லை. இந்த ஆளிடமிருந்து எப்படிப் பிரிவது என்று இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேனே, சேரவே இல்லையாம்! அழுகிறேன் என்று நினைத்து அக்கா முதுகைத் தடவினாள். கொஞ்சம் அழவும்தான் செய்தேன்.

மார்ச் 16

காலை ஒன்பது வரை தூங்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

அம்மா வந்தாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "எவளோ ஒருத்தி புருஷனையாடி நான் உன்னைப் பொறுத்துக்கச் சொன்னேன்?" என்றாள். பாப்பாவை மடியில் இழுத்து, தலை பின்னிவிட்டாள். பின்னல் கோணலாக வந்தது.

நவம்பர் 20, வியாழன்

தீர்ப்பு வந்தது. செல்லாது. பாப்பாவின் படிப்புச் செலவு அவன் பொறுப்பு. டீச்சர் எனக்குச் சாட்சி சொன்னார். அவன் மேல் அவர் கொடுத்த புகாருக்கு நான் சாட்சி. "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்றார் கோர்ட் குமாஸ்தா. "தெரிஞ்சவங்க" என்றார் டீச்சர்.

டிசம்பர் 3, புதன்

ஆஸ்பத்திரியில் எல்லோர் விவரத்தையும் புதிதாக எழுதி வாங்கினார்கள். என் படிவத்தைப் பார்த்த ஆபீஸ்காரர், "மேடம், திருமணம் ஆகவில்லைன்னு போட்டிருக்கீங்க. தப்பா டிக் பண்ணிட்டீங்களா?" என்றார்.

"இல்லங்க. இப்பதான் சரியா பண்ணியிருக்கேன்."

சாயங்காலம் பாப்பாவோடு கடைக்குப் போய் அவளுக்குச் செருப்பு வாங்கினேன். சிவப்புதான் வேண்டுமாம். எனக்கும் ஒரு ஜோடி எடுத்தேன்.