வெனிஸில் இல்லாத பாலம்

உமக்கு எழுத நினைத்தவை:
1. இன்று தபாலில் வந்த புத்தகம்.
2. அதைப் பற்றி நாம் செய்த வாக்குவாதம்.
3. வெனிஸைப் பார்க்காமலே நீர் இறந்தது.

உமது மனைவி அனுப்பிய பொதியைப் பிரித்ததும் பாத்திரம் கழுவும் தூளின் மணம் வந்தது. வெனிஸில் நடக்கும் அந்த அமெரிக்க நாவல், ஜெர்மன் மொழிபெயர்ப்பில். சுவிஸின் துன் நகர ஹோட்டல் சமையலறையில் மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே கிடைக்கும் 'சிம்மர்ஷ்டுண்ட' ஓய்வில், மற்றவர்கள் நித்திரை கொள்ள, நாம் இருவரும் படித்த அதே பிரதி. ஈரக் கை பட்டுப் பக்கங்கள் உப்பியிருக்கின்றன. எனக்கு அழுகை வரவில்லை. ஏதாவது வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன்.

நாவலின் கதாநாயகி தினமும் போய் நிற்கும் பாலம்தான் நமக்குள் பிரச்சினை. பக்கத்தில் பாண் சுட்டு விற்கும் ஒரு கடை, படியில் மூக்குடைந்த கல் சிங்கம். எழுதிய அமெரிக்கர் கற்பனை பண்ணியது என்றேன். சில மாதம் தங்கிப்போன ஒருவருக்கு ஒரு நகரம் அவ்வளவு அகப்படாது என்பது என் எண்ணம்.

“நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?” என்று சிரித்தீர்.

“நீர் பாத்தனீரோ?”

“பாக்கத்தான் போறன்.”

“விசர்க்கதை கதையாதையும். எங்கடை அகதி அட்டையோட எல்லை தாண்டினா திரும்பி வரேலாது.”

“பயப்பிடாதேங்கோ அண்ணை. உங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லை.”

ஒரு கோடையில் இரண்டு நாள் லீவு முடிந்து வந்தீர். பானை தேய்த்தபடியே, “பாலம் பொய்தான் அண்ணை, நீங்கள் வெண்டிட்டியள்,” என்றீர். “ஆனா தண்ணியிலை விழுற வெளிச்சம் அந்தாள் எழுதினமாதிரித்தான்.” என் தர்க்கத்துக்கு நீர் பணிந்துவிட்டதாக நினைத்தேன். வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இவ்வளவும் எழுதியபின், நன்றி சொல்ல உமது மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். நீர் வெனிஸைப் பார்க்கவில்லையே என்றும் சொன்னேன்.

“அவர் போனவர் அண்ணை,” என்றா. “அந்த ரெண்டு நாள் லீவிலை, ரயிலிலை. பாலத்தைத் தேடித் தேடிக் கால் வீங்கித்தான் வந்தவர். எல்லை தாண்டினதைச் சொன்னா உங்களுக்குத்தான் பயத்திலை நித்திரை வராது எண்டு மறைச்சவர்.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.

இப்போது என்னிடம் எல்லை தாண்டும் அனுமதி இருக்கிறது. இத்தாலி ரயில் போவது இங்கே கேட்கும். ஒருநாளும் ஏறியதில்லை. மூன்றாவதாக எழுதியது பிழை. வெனிஸைப் பார்க்காதவன் நான்.