கரண்டு போனால் மறைகிற பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை சரவணக்குமாருக்கு,

ஏழாயிரம்பண்ணையிலிருந்து உன் தாய்மாமன் பெத்தணன் சொல்லச் சொல்ல, மகள் அழகுமீனா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். ஹைதராபாத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க இருக்கன்குடி மாரி துணை நிற்க வேண்டும். போனிலேயே பேசலாம். எந்நேரமும் உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

கண்மாய் உடைந்து ஒன்பது நாள் பஸ் வராமல் நின்ற வருஷம். நம் தெருவுக்கு முதன்முதலாகக் கரண்டு வந்ததும் அந்த வருஷம்தான். மழை விட்டு வந்த பங்குனியில் பட்டாசுக் கம்பெனி ரூம் வெடித்தது. அப்போது நீ வயிற்றில் ஏழு மாசம். நான்கு பேர் இருக்க வேண்டிய ரூமில் எட்டுப் பேரை உட்கார வைத்து மருந்து செலுத்த விட்டிருந்தான் போர்மேன் தனுஷ்கோடி. செத்தது ஏழு பேர். கம்பெனி நோட்டில் நான்கு பேர் என்று எழுதி முடித்தார்கள். நோட்டில் ஏறாத மூன்று பேரில் என் வீட்டுக்காரி, உன் அத்தை அய்யம்மாளும் ஒருத்தி.

போன தீபாவளிக்கு வந்தபோது, நான் சொன்ன ஏழு பேரின் பேரையும் ஏற்றி, உலகமே பார்க்கிற மாதிரி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டாய். வெளிக் கம்பெனி கம்ப்யூட்டரில் வைத்தால் ஆள் பிடித்து எடுத்துவிடுவார்கள், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால் எவனும் கை வைக்க முடியாது என்றாய். உன் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை அம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடவிட்டு, ஆபீஸ் வேலை ஓடுகிறது, அணைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாய். அவள் அதற்குத் துண்டு போர்த்துகிறாள். சூடாகும் என்று நான் எடுப்பேன். மறுபடி போர்த்துவாள்.

செத்தவர்களில் ஒருத்தியின் மகன் ஜெயபாண்டி அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்துக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தான். அதிலிருந்து, அந்தப் பக்கம் எங்கிருந்து ஓடுகிறது என்று கம்பெனி ஆட்கள் தேடுகிறார்கள். போன மாசம் பராமரிப்பு என்று ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திய அன்று, கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் போனைப் பார்த்தபடி டிரைவரிடம் சொன்னான்:

"ஏலே, ஏழாயிரம்பண்ணையில கரண்டு போனா இந்தப் பக்கமும் போயிருதுலே. பெட்டி இங்கனதான் எங்கயோ இருக்கு."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு தெருத் தெருவாகக் கரண்டு போனது. மேலத்தெருவில் பத்து நிமிஷம், கோயில் தெருவில் பத்து நிமிஷம். செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் நம் தெரு. டிரான்ஸ்பார்மர் அடியில் இரண்டு பேர் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து நின்றார்கள். பக்கம் போயிருச்சு என்று ஒருத்தன் தலையை ஆட்டினான். மாட்டிவிட்டு நடந்து போய்விட்டார்கள். நம் தெருவில் மொத்தமே பதினொரு வீடு.

நேற்று மேனேஜரே வந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு, உன் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். கையில் என்ன தழும்பு என்று கேட்டான். "ஸ்டவ்வு வெடிச்சதுய்யா" என்றாள். உனக்குச் சொன்னதும் அதுதானே.

மூன்று தடவை வயரைப் பிடுங்கப் போனேன். நான் எழுத்துத் தெரியாதவன். ஐந்தாவது வரி அய்யம்மாள் என்று மீனா போனில் காட்டினாள். வேறெங்கும் அவள் பேரை எவனும் எழுதவில்லை. கை வரவில்லை. நீயே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ. பேர்கள் இருக்கட்டும், அந்த வீட்டில் மட்டும் இருக்க வேண்டாம்.

தப்பித்த எட்டாவது ஆளையும் கண்டுபிடித்துப் போட்டுவிடலாம் மாமா என்று போன வாரம் கேட்டாய். தெரியாது என்றேன். கண்மாய் உடைந்த கிழமையைச் சொல்கிறவன் அதை மறப்பேனா? வாசல் ஓரம் இருந்ததால் கைகளில் தீக்காயத்தோடு தப்பினாள். புண் ஆறுவதற்குள் போர்மேன் இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிப்போய், அன்று வேலைக்கே வரவில்லை என்று வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியமாகக் கற்பூரம் அணைக்க வைத்தான். அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று இன்னும் பயப்படுகிறாள்.

மீனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதம்மா என்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, மாரி பார்த்துக்கொள்வாள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறு. அம்மாவிடம் எதையும் கேட்காதே. போர்மேன் போய்ச் சேர்ந்தான், அந்த முதலாளியும் போய்விட்டார். அந்த ரூமில் இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவள் உன்னைப் பெற்ற வெள்ளைத்தாய் ஒருத்திதான்.