அப்பா பலகையில் ஒட்டிய மூன்றாவது அறிவிப்பு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் போன் போட்டு அப்பா பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், கடைசி வரை படி.

அப்பா ஆங்கிலம் படிக்கிறார். சிரிக்காதே. கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நம் பாஷை தெரியாது, அறிவிப்புப் பலகையில் செயலாளரான இவர் இனி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். முதல் மாடி டைப்ரைட்டிங் டீச்சர் சாயங்காலம் சொல்லித்தருகிறார். ஆள் யாரென்று தெரியாவிட்டால் 'சம்பாடி', ஒருவருமே இல்லை என்றால் 'நோபாடி', கேள்வி என்றால் 'எனிபாடி'. இவர் குளியலறையிலிருந்து துண்டு கேட்பதற்கும் 'எனிபாடி?' என்கிறார், வீட்டில் இருப்பதோ நான் ஒருத்தி. எல்லாரும் என்கிற 'எவ்ரிபாடி'க்கு ஒருமைதான் வரும் என்று டீச்சர் சொன்னதற்கு இரண்டு நாள் சண்டை. பஸ் நிறைய ஆள் இருந்தாலும் ஒருத்தர் மாதிரிதான் எழுதணும் சார் என்றாராம் அந்த அம்மாள். அப்போ பஸ்ஸுக்கே ஒரு டிக்கெட் கிழிச்சா போதுமாம்மா என்று இவர் எகிறியிருக்கிறார். டிக்கெட் பரிசோதகராகவே காலம் தள்ளிய மனுஷன், வேறு என்ன கேட்பார்.

உனக்கே தெரியும், ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து ஊரறியச் சொன்னால்தான் இவருக்குச் சோறு இறங்கும். போன தடவை நீ வந்திருந்தபோது தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர் ஓடியதற்கு, நாலாம் நம்பர் வீட்டுப் பெண்தான் காரணம் என்று பெற்ற மகளையே பலகையில் ஏற்றினார். மோட்டாரை நிறுத்த மறந்தது யாரென்று இன்றுவரை தெரியாது. நீ அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

இப்போது நடப்பதைக் கேள். யாரோ படியில் செருப்பு விடுகிறார் என்று 'சம்பாடி' போட்டு ஆங்கிலத்தில் ஒட்டினார். முன்பெல்லாம் தையல்காரர் வீடு என்று போடுவார், அவர் மேலே வந்து கத்துவார். இந்தத் தடவை மறுநாள் ஒரு செருப்புகூட இல்லை, எதிர்வீட்டுப் பல் டாக்டர் பயந்துபோய் வெறுங்காலோடு வேலைக்குப் போனார். அடுத்து, சும்மா எழுதிப் பழகுவதற்காக, யாரோ ஏதோ செய்திருக்கிறார், எல்லாருக்கும் தெரியும் என்று ஒன்று ஒட்டினார். அவ்வளவுதான், நம் வாசலில் வரிசை. மொட்டை மாடியில் புறாவுக்குத் தீனி போடுவது நான்தான் என்று டீச்சரே வந்து அழுதார். லிஃப்டில் சைக்கிள் ஏற்றியது நான் என்றார் பல் டாக்டர். தையல்காரருக்குத் தான் என்ன செய்தோம் என்றே ஞாபகமில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

போன வாரம் என்னிடம்கூடச் சொல்லாமல் மூன்றாவதாக ஒன்று ஒட்டியிருக்கிறார். தையல்காரர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குப் பல மாதமாகப் போன் செய்யவில்லை, இங்கே யாருக்கும் கோபமில்லை என்று இருந்ததாம். தப்பில்லாமல் இருக்கிறதா என்று டீச்சரிடம் காட்டியிருக்கிறார், அவர் திருத்தாமலே வகுப்பை முடித்துவிட்டுத் தங்கைக்குப் போன் போடப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கட்டடம் முழுக்கப் பேச்சுச் சத்தம். பல் டாக்டர் அவர் அப்பாவோடு, தையல்காரர் உறவை முறித்துக்கொண்ட மச்சானோடு. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் பாதி வேலையில் வெளியே போய் அண்ணனிடம் போனில் பேசிவிட்டு அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஆளாளுக்குத் தன்னைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் போன் மட்டும் சும்மா கிடக்கிறது. நீங்களே பண்ண வேண்டியதுதானே என்றேன். அவ வச்சிட்டா என்ன பண்றது என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை குட்டிம்மா.

நீ நல்லா இருக்கணும், ஈரத்தலையோடு படுக்காதே. போன் அடித்தால் இப்போதெல்லாம் அவர்தான் ஓடிவந்து எடுக்கிறார், வைத்துவிடாதே. பலகையில் இடமில்லை, பழசைக் கிழிச்சிடலாமா சார் என்று நேற்றுக் காவலாளி கேட்டதற்கு, இருக்கட்டும்ப்பா, இன்னும் ஒரு ஆள் படிக்கலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா