தம்பி ஓட்டுவான், நான் முடுக்குவேன்

மார்ச் 12, 2022

ருக்கோஸ் காலையில் காரைக் கொண்டுவந்து வாசலில் குறுக்கே நிறுத்தினான்.

"சத்தம் வருதுக்கா."

"எங்கேருந்துடா?"

"கார்லேருந்து."

முப்பத்தெட்டு வயது. இந்த மலையில் பெரிய பந்தய ஓட்டுநர் என்று இவனைத்தான் சொல்கிறார்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தேன். முன் வலது சக்கரத்தைத் தாங்கும் கையில் ரப்பர் புஷ் கிழிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. எதன் மேலோ ஏற்றியிருக்கிறான். கேட்டால் ரோடு சரியில்லையாம். லெபனானில் ரோடு சரியில்லை என்பது ஒரு செய்தியா? அதே ரோட்டில் அதே காரில்தான் நான் தினம் ஜூனியேவுக்கு வேலைக்கு இறங்குகிறேன். வாரம் முழுக்க முனகாத கார், ஞாயிற்றுக்கிழமை இவன் கைக்குப் போனதும் அழ ஆரம்பித்துவிடுகிறது.

எண்பத்தாறாம் வருஷத்து போர்ஷே. பாதிக் காசு அவனுடையது, பாதி என்னுடையது. பத்திரம் மட்டும் அவன் பேரில். வாங்கின அன்று எனக்குப் பல் செய்யும் லேபில் வேலை, பதிவு அலுவலக வரிசையில் நின்றவன் அவன். வாழ்க்கையில் அவன் பொறுமையாக நின்ற ஒரே வரிசை அதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 30

புஷ் வந்துவிட்டது, ஜெர்மனியிலிருந்து சித்தி மகளின் பெட்டியில். "இந்த ரப்பருக்காகவா ரெண்டு கிலோ சாக்லேட்டை வெளிய எடுத்து வச்சேன்?" என்றாள். ஆமாம், இதற்காகத்தான்.

ஏப்ரல் 9

நாள் முழுக்கக் காருக்கு அடியில். புஷ்களை மாற்றி, பின் ஷாக் அப்சார்பரை இரண்டு பல் இறுக்கி, பிரேக் திரவம் முழுக்க வடித்துப் புதிது ஊற்றினேன். கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரன் மனம் இரங்கும் வரை நெற்றி விளக்கில் வேலை.

சாயங்காலம் ருக்கோஸ் வந்தான். கையில் ஒரு பை. உதவ வந்தான் என்று ஒரு நொடி நம்பினேன். பைக்குள் என்ன? பம்பருக்கு அடியில் ஒட்டும் நீல விளக்கு.

"ராத்திரில பாக்க அம்சமா இருக்கும்க்கா."

"பந்தயம் பகல்லடா."

"அதுக்கில்ல. ஒரு இதுக்கு."

ஒரு இதுக்கு. அவன் வாழ்க்கை முழுக்கவே ஒரு இதுக்குத்தான்.

ஏப்ரல் 24

பந்தயச் சர்க்யூட்டுக்குப் போய்ப் புது பிரேக் பேடுகளைப் பழக்கினேன். அதற்காகத்தான் போன வருஷம் எனக்கும் ஒரு போட்டி உரிமம் எடுத்து வைத்திருக்கிறேன். கார் கத்தி மாதிரி போகிறது. பேடு பழகியது போதும் என்று தெரிந்த பிறகும் நாலு சுற்று ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மே 15

ஒவ்வொரு காராக மலை ஏறவிட்டு நேரம் பார்க்கும் கோட்டைச்சுவர் பந்தயத்தில் ருக்கோஸ் எங்கள் பிரிவில் மூன்றாவது. கையில் கோப்பை. பேட்டி கொடுக்கிறான்: "கார் இன்னும் கொஞ்சம் ஒத்துழைச்சிருந்தா..."

கார் ஒத்துழைக்கவில்லையாம். மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகிறேன் என்று முதலாவதில் குத்தி, இன்ஜினை ஆடு கத்துவதுபோல் கத்தவிட்டது யார்? காருக்கு வாயிருந்தால் அது பேட்டி கொடுத்திருக்கும்.

பந்தய நாட்களில் விடியற்காலையில் காணாமல் போய்விடுகிறான், வழக்கம்போல. எங்கேயோ நின்று சிகரெட் ஊதிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் டயர் காற்றைப் பார்ப்பது யார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறானா?

ஜூன் 4

நஸ்ரி வந்தான். சோலார் பலகை விற்கிறவன். ஊரில் கரண்ட் இல்லாமல் போனதிலிருந்து அவனுக்குத்தான் வெளிச்சம். அவன் பற்களைச் செய்தவள் நான். இயற்கையான வெள்ளை போதும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு மேல வெள்ளை இல்லையா?" என்று கேட்டு வாங்கினான். இப்போது வாயைத் திறந்தால் குளிர்பதனப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கிறது.

காரைச் சுற்றி வந்தான். டயரைக் காலால் உதைத்தான். டயரை உதைக்கிறவர்களுக்கு அதிலிருந்து என்ன தெரிகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"நுஹாத் மேடம், உங்க தம்பிகிட்ட பேசிட்டேன், செலவெல்லாம் என்னோடது. கஃபர் ஸினீன் பந்தயம் முடியட்டும். வண்டி என் பட்டறைக்கு வந்துடும். பெரிய அமெரிக்கன் இன்ஜின் வச்சிருக்கேன், எட்டு சிலிண்டர். மஞ்சப் பெயின்ட். பின்னால ஒரு றெக்கை. என் கடை பேரு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"அப்புறம் பந்தயம் எங்க ஓட்டுறது?"

"பந்தயம் எதுக்கு? மால் பார்க்கிங்ல புகை கிளப்பினா ஆயிரம் பேர் பாப்பாங்க."

ருக்கோஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

நஸ்ரி போன பிறகு கேட்டேன், கை கொடுத்துட்டியாடா என்று. கொடுத்துவிட்டானாம்.

"பத்திரம் என் பேர்லதானேக்கா இருக்கு."

மேலே வந்துவிட்டேன். பத்திரமாம் பத்திரம். அந்த இன்ஜினை மூணு தடவ பிரிச்சவ யாரு? ஒரு போல்ட்டு பேராவது தெரியுமா அவனுக்கு? எட்டு சிலிண்டர். முன்னாடி அவ்வளவு கனத்தத் தூக்கி வச்சா அந்தக் கார் திரும்புமா? மாட்டு வண்டி திரும்பும், அது திரும்பாது.

ஜூன் 18

இரண்டு வாரமாகப் பேச்சில்லை. கார் என் கொட்டகையில் நிற்கிறது. சாவி என் கழுத்தில்.

ஜூலை 3

ருக்கோஸ் நேற்று மாமா மகன் கல்யாணத்தில் அரக் குடித்துவிட்டு மேசை மேல் ஏறி எங்கள் வரிசை நடனமான தப்கே ஆடியிருக்கிறான். வரிசைக்குத் தலைமை தாங்கினானாம். மேசை தாங்கவில்லை. இடது கணுக்கால் முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம்.

கிளட்ச் மிதிக்கிற கால்.

சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்தேன். பிறகு பந்தய தேதி நினைவுக்கு வந்தது.

ஜூலை 5

பார்க்கப் போனேன். சோபாவில் பாஷா மாதிரி காலை நீட்டிக் கிடக்கிறான். அவன் மனைவி ஜிசெல் முலாம்பழம் வெட்டி ஊட்டாத குறை. எனக்கு முன்பே நஸ்ரி வந்து உட்கார்ந்திருந்தான்.

"பதிவு பண்ணியாச்சு, போஸ்டர் அடிச்சாச்சு. நான் ஒரு டிரைவரைப் போட்டுக்கறேன். துபாய்ல ஓட்டுனவன்."

"என் கார்ல எவனும் ஏற மாட்டான்" என்றேன்.

ருக்கோஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீயே ஓட்டு. பதினஞ்சு வருஷமா காருக்கு அடியில படுத்துக்கிட்டு எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றவதானே. ஓட்டிக் காட்டு."

நஸ்ரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சரி" என்றேன்.

சிரிப்பு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூலை 6

என்ன காரியம் செய்திருக்கிறேன்? எனக்கு நாற்பத்தேழு வயது. நான் ஓட்டினதெல்லாம் வேலைக்குப் போகிற பாதையும் அந்தத் தட்டையான சர்க்யூட்டும். அங்கே வழுக்கினால் மணல். கஃபர் ஸினீனில் ஒரு பக்கம் கல் சுவர், மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

இருக்கட்டும். ருக்கோஸ் ஓட்டுகிற ரோடுதானே.

ஜூலை 17

காலை ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன். ஜிசெல் தன் குட்டிக் காரை ஓட்டி வந்திருக்கிறாள், பின் சீட்டில் ருக்கோஸ், கால் ஜன்னலுக்கு வெளியே.

"ஏறு. கஃபர் ஸினீன் போறோம்."

"எதுக்கு?"

"நடக்க."

பாதை முழுக்க, அடிவாரத்திலிருந்து உச்சி வரை, என்னை நடக்கவைத்தான். பின்னால் கார் ஊர்ந்து வர, ஜன்னலிலிருந்து கத்திக்கொண்டே வந்தான். "அங்க நில்லு. தாரைத் தொட்டுப் பாரு. ஈரமா இருக்கா? மேல ஊத்து இருக்கு, வெயில் ஏறுற வரைக்கும் காயாது. அங்க பிரேக் தொட்டா போச்சு." இன்னொரு வளைவில், "அத்தி மரம் தெரியுதா? அதைப் பாத்துட்டே திருப்பு. சுவரைப் பாக்காத. எதைப் பாக்குறியோ அங்கதான் போவ."

பாதி வழியில் எனக்கு ஒன்று உறைத்தது.

"பந்தயத்தன்னிக்கு விடியக்காலைல இதுக்குத்தான் போவியா?"

"பின்ன?"

"சிகரெட் பிடிக்கன்னு நினைச்சேன்."

"அதுவும்தான்."

ஜூலை 23

பயிற்சி ஓட்டம். கேவலம். என்னைவிட மெதுவாகப் போனவர் ஒரே ஒருவர், பழைய ஃபியட்டில் வந்த எழுபது வயதுப் பல் டாக்டர். அவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 24

உட்கார முடியவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

முதல் ஓட்டம். கீழ் வளைவுகள் நன்றாகவே போயின. ஈரத்தில் பிரேக்கைத் தொடவில்லை. ஐந்தாவது வளைவில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆறாவதில் அதிகமாகவே வந்துவிட்டது. அத்தி மரத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் சுவரைப் பார்த்தேன். பயம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பாதி வளைவில்.

அப்படி எடுத்தால் இந்தக் காரின் பின்பக்கம் சுற்றும். இந்த மலையில் என்னைவிட நன்றாக அது தெரிந்தவர் யாரும் இல்லை. எத்தனை தடவை அவனைத் திட்டியிருக்கிறேன்.

சுற்றியது. இடித்த சத்தம் எலும்புக்குள் கேட்டது. பின் பம்பர் ஒரு பக்கம் கழன்று, விளக்கு நொறுங்கி... நல்லவேளை, சுவர்ப் பக்கம். மறு பக்கம் போயிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. இன்ஜின் அணையவில்லை. உச்சிவரை உருட்டிக்கொண்டு போனேன்.

எல்லாரும் முடித்த பிறகு வரிசையாகக் கீழே இறக்கிவிட்டார்கள். ஓரத்தில் நிற்கிற ஜனங்கள் கை நீட்டித் தொடுகிறார்கள். ஒரு கிழவர், "போதும் மகளே, வீட்டுக்குப் போ" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கீழே ருக்கோஸ் கட்டுப் போட்ட காலோடு நின்றான். என்ன சொல்வான் என்று தெரியும். பதினைந்து வருஷக் கணக்கைத் தீர்க்கலாம். நானாக இருந்தால் தீர்த்திருப்பேன்.

அவன் ஊன்றுகோலை வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு, பம்பரைக் கம்பி போட்டுக் கட்ட ஆரம்பித்தான். கண்றாவியான முடிச்சு. டயரில் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், இரண்டு முறை. அவனுக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"கையெல்லாம் நடுங்குதுடா" என்றேன்.

"எனக்கும் நடுங்கும். கியர் தப்பா விழுறது பின்ன எதனாலன்னு நினைச்ச?"

"ரெண்டாவது ஓட்டம் வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லலாம். ஆனா காரு ஒழுங்காத்தான் இருக்கு."

இரண்டாம் ஓட்டம். ஆறாவது வளைவில் மரத்தை மட்டும் பார்த்தேன். கண் எரிந்தது, இமைக்கவில்லை. காலை எடுக்கவில்லை. பின்பக்கம் கொஞ்சம் அசைந்து, யோசித்து, என் பின்னாலேயே வந்தது.

பிரிவில் ஆறு பேரில் நான்காவது. போன வருஷம் இதே மலையில் ருக்கோஸின் நேரத்தைப் பார்த்தேன். நன்றாகவே வேகம். என்னைவிட நன்றாகவே. அவன் சொதப்பி ஓட்டினான் என்று நான் எழுதி வைத்த அதே ஓட்டம்.

உச்சியில் இறங்கி, ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். பல் டாக்டர் தண்ணீர் கொடுத்தார்.

ஜூலை 25

லேபில் யாரோ ஒருத்தியின் கடைவாய்ப் பல்லை இன்று மூன்று முறை செய்தேன்.

ஜூலை 30

நஸ்ரி மறுபடி. ரொம்பச் சந்தோஷம். "பெண் ஓட்டுநர். இது இன்னும் நல்லா விக்கும். மேடம், நீங்க சோலார் பலகை பக்கத்துல ஹெல்மெட்டோட நின்னு ஒரு போட்டோ." மஞ்சளோடு கொஞ்சம் ரோஜா நிறமும் அடிக்கலாமாம். பெண் இல்லையா.

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்கோஸ், "இன்ஜின் மாத்துறதெல்லாம் இல்ல நஸ்ரி" என்றான்.

"கை கொடுத்தோமே."

"கொடுத்தேன். என்ன பண்றது? எங்க அக்கா கடிச்சிடுவா. பல்லு வேலை பாக்குறவ, எங்க கடிச்சா வலிக்கும்னு தெரியும்."

நஸ்ரி என்னைப் பார்த்தான். தன் வாயைக் கையால் லேசாக மூடிக்கொண்டான். சத்தியமாக.

மறுக்கும் தைரியம் கூட இவனுக்குச் சொந்தமாக இல்லை, என் பேரைச் சொல்லித்தான் மறுக்கிறான். பரவாயில்லை. மறுத்தான்.

செப்டம்பர் 11

கட்டு பிரித்த பிறகு ருக்கோஸின் முதல் பந்தயம். இரண்டாவதாக வந்தான். பேட்டியில் கார் அருமை என்றான். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கழுதை.

அடுத்தது என்னுடையது, அக்டோபரில். மாறி மாறி ஓட்டுவதென்று பேச்சு.

நவம்பர் 19

மழை. டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி இன்ஜினே போய்விடும். அதனால் இதுவரை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. ருக்கோஸ் தானே செய்கிறேன் என்றான்.

காலையிலிருந்து செய்கிறான். எனக்கு அரை நாள் வேலை. ஸ்பானரைப் பிடிப்பது கரண்டியைப் பிடிப்பது மாதிரி. ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்து, செய்தித்தாள் மேல் வரிசையாக அடுக்கி, பல் செட்டு மாதிரி... நான் படிக்கட்டில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கூப்பிட்டான். "இறுக்கம் பாரு."

கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்தினேன். திருகிப் பார்த்தேன், நான் வைக்கிற அதே இறுக்கம்.

"தளர்வா இருக்கு" என்றேன். சொல்லிவிட்டுக் காபி போட மேலே போனேன்.

தண்ணீர் கொதித்தது. ஏலக்காயைத் தட்டினேன். கீழே அவன் பெருமூச்சு விடுவதும், ஸ்பானரைத் தேடுவதும் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"விடுடா. சரியாத்தான் இருக்கு."

"இப்பத்தானே தளர்வுன்னே?"

"சரியா இருக்கு. மூடியை மாட்டு."