குகன் அண்ணையின் வலப்பக்கம்

என் அண்ணாவுக்கு, எங்கள் எல்லாருடைய கப்டனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிவிட்டது. உங்கள் நினைவாகப் போடுகிற கிளப் மலருக்கு மற்றவர்கள் எல்லாரும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் கடைசி ஆள். பிந்தினதுக்குக் கோபிக்காதேங்கோ. அன்றைக்கு எழுதியிருந்தால் நல்லவர், பொறுமைசாலி என்று நாலு வரியில் முடித்திருப்பேன். உங்களை எனக்குச் சரியாகத் தெரியாது என்பதே இந்தக் கோடையில்தான் தெரிய வந்தது.

முதலில் வீட்டுப் புதினம், நல்ல செய்திதான். உங்களுக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். ஆதிரை. எட்டு மாதம். மூக்கு அப்படியே உங்களுடையது, பாவம்.

பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒரு டெஸ்ட் செய்தார்கள். பிறகு இன்னொன்று, பிறகும் ஒன்று. வலது காது கேட்காதாம். இடது காது நல்லம். "ஒரு காதோடு எத்தனையோ பேர் வடிவாக வாழுகினம்" என்று டொக்டர் சொன்னார். எனக்கு ஆறுதல் வரவில்லை. றோட்டில் வலப்பக்கத்தால் கார் வந்தால்? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டு, இவள் திரும்பாமல் நின்றால்? நாள் முழுக்க அவளுடைய தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் இடப்பக்கமே திரும்புகிறாள். நான் வலப்பக்கம் நிற்பேன். அவள் இடப்பக்கத்தில் என்னைத் தேடுவாள்.

இனி எங்கள் கிரிக்கெட் கிளப். தொடங்கின நாளிலிருந்து நீங்கள்தான் கப்டன். அந்தப் பதவியை எப்படிக் கைமாற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டம் வைத்து, கத்தி, கோபித்து, கடைசியில் என் மனுசன் ரமணனின் தலையில் கட்டினார்கள். இந்த சீசன் சரிவராவிட்டால் கிளப்பை மூடிவிடலாம் என்றும் பேச்சு. உங்கள் நீலத் தொப்பியை யார் வைத்துவிடுவது? "தங்கச்சி வைக்கட்டும்" என்றார்கள். வைத்தேன். அது அவருடைய புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. "மச்சானுக்குத் தலை பெரிசு, என்ன செய்ய!" என்றார் ரமணன். எல்லாரும் சிரித்தோம்.

அவர் கப்டனாக இறங்கின அந்த முதல் ஞாயிறு நாங்கள் முதலில் பந்து போட்டோம். நான் வழக்கம்போல ஸ்கோர் மேசையில். பக்கத்தில் தள்ளுவண்டிலில் ஆதிரை. கொஞ்ச நேரத்தில் எதிரணியில் ஒரு இடதுகைக்காரன் ஆட வந்தான். இடதுகைக்காரன் வந்தால் களத்தில் நிற்கிறவர்கள் பக்கம் மாறவேண்டும். உங்கள் காலத்தில் இரண்டே பேர்தான் மாறுவதில்லை. நீங்களும், ஹவுன்ஸ்லோவில் இருந்து வருகிற குகன் அண்ணையும். "கப்டனுக்கும் குகனுக்கும் நடக்கப் பஞ்சி, சரியான சோம்பேறிகள்" என்று எத்தனை தரம் பகிடி விட்டிருப்பார்கள்! நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

ரமணன் எல்லாரையும் ஒழுங்காக மாற்றினார். குகன் அண்ணையையும்.

மூன்றாவது பந்து உயரப் போனது. குகன் அண்ணை அண்ணாந்தபடி ஓடுகிறார். இடப்பக்கத்தில் இருந்து ரமணன் ஓடி வருகிறார். "விடுங்கோ! என்ர! விடுங்கோ!" எனக்கே காது அடைத்தது. குகன் அண்ணை விடவில்லை. இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். பந்து புல்லில் கிடந்தது. ரமணனின் கீழ்ச் சொண்டு பல்லில் பட்டுக் கிழிந்து இரத்தம்.

"என்ன மனுசன் நீங்கள்! தொண்டை கிழியக் கத்திறன், கேட்கேல்லையோ?"

"பிழை என்ரதான்" என்று குகன் அண்ணை எழும்பினார். அப்போது அவருக்கு இடப்பக்கத்தில் நின்ற ஒருவர், "அண்ணை, அடி பட்டதோ?" என்று கேட்டார். குகன் அண்ணை வலப்பக்கம் திரும்பினார். அங்கே ஒருவரும் இல்லை.

அண்ணா, என் கையில் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் நாள் முழுக்க நான் பார்க்கிற அதே திரும்பல்.

தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். ரமணன் வந்து தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "எனக்கு ஏலாது, வாணி. மச்சான் சத்தமே போடாமல் நடத்தினவர். நான் கத்தி ஆக்களை உடைக்கிறன். இண்டையோட மூடுவம்." அங்கால், குகன் அண்ணை வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இனி வரமாட்டார் என்று அந்த முதுகைப் பார்க்கவே தெரிந்தது.

தேத்தண்ணியும் ரோல்ஸ் தட்டும் கொண்டு போய் அவருக்கு இடப்பக்கம் நின்றேன். "குகன் அண்ணை, ரோல்ஸ் வேணுமோ?" அசைவில்லை. சுற்றிப் போய் வலப்பக்கம் நின்று அதையே கேட்டேன்.

"ஒண்டு தாரும், தங்கச்சி."

"இடது காது எவ்வளவு காலமா?"

அவர் சப்பாத்தைக் கீழே வைத்தார். "சண்டை நேரம் ஊரில பக்கத்தில ஷெல் விழுந்து வெடிச்ச நாள் தொடக்கம். இங்க வேலைக்குச் சேரேக்க பயத்தில சொல்லேல்லை. பிறகு ஒருத்தருக்கும் சொல்லிப் பழக்கமில்லை."

"அண்ணாவுக்கு?"

"அவருக்கும் நான் சொல்லேல்லை. முதல் வருஷம், ஒருநாள் கார் பார்க்கில கூப்பிட்டவராம், நான் பாராமல் போயிட்டன். அடுத்த ஞாயிறு என்ர இடத்தை மாத்தினார். தான் எனக்கு வலப்பக்கம் வந்து நிண்டார். அவரும் கேட்கேல்லை, நானும் சொல்லேல்லை. பதினொரு வருஷம், தங்கச்சி."

பதினொரு வருஷம்! அண்ணா, எப்படி உங்களால் முடிந்தது? பஞ்சிக்காரன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, வீட்டில் எங்களுக்கும் மூச்சு விடாமல்? ஒவ்வொரு ஓட்டத்தையும் நான் எழுதினேன். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எழுத அந்த ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் இல்லை.

நான் ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை. குகன் அண்ணை தானே ரமணனிடம் நடந்து போய், இடது காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "தம்பி, இது வேலை செய்யாது."

ரமணன் வாயைப் பிளந்தார். "அப்ப, இவ்வளவு நாளும் நான் உங்களுக்குப் பேசின பேச்சில பாதி வீணோ?"

"பாதியோ? நீர் எப்பவும் இந்தப் பக்கம் நிண்டெல்லோ பேசுறனீர்!"

உடைந்த சொண்டோடு ரமணன் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கவேணும். தொப்பியை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். திரும்ப இறங்கியபோது இடதுகைக்காரனுக்கு எல்லாரும் பக்கம் மாறினார்கள், இரண்டு பேரைத் தவிர: குகன் அண்ணையும், அவருக்கு வலப்பக்கம் வந்து நின்ற ரமணனும். போட்டியில் தோற்றோம், மோசமாகத்தான். அடுத்த ஞாயிறு குகன் அண்ணைதான் மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். இதையெல்லாம் மலரில் எழுதச் சொன்னதும் அவர்தான்.

இப்போது ஒவ்வொருவரையும் உற்றுப் பார்க்கிறேன். வேறு யாருக்கு என்ன செய்து வைத்தீர்கள்? எனக்கு முந்தி ஸ்கோர் எழுதின நடுவர் சுந்தரம் மாஸ்டரைப் போன கிழமை கேட்டேன், ஏன் ஸ்கோர் எழுதுவதை விட்டீர்கள், கண் பார்வையோ என்று. "எனக்கென்ன கண் தெரியாதோ? தங்கச்சி வந்த நாளிலிருந்து அறைக்குள்ளேயே கிடக்கிறாள், புத்தகத்தை அவளிட்டக் குடுங்கோ எண்டு உம்மட கொண்ணன்தான் சொன்னவர்!"

ஸ்கோர் எழுத ஆளில்லை என்றல்லவா என்னிடம் சொன்னீர்கள்?

அந்த மேசையில் இருந்துதான் நான் இந்த ஊரில் மனிதரோடு கதைக்கப் பழகினேன். ரமணனைக் கண்டதும் அங்கேதான். என்னையும் நீங்கள் ஒரு இடம் பார்த்து நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் இதற்கு என்ன சொல்ல?

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆதிரையைச் சுற்றிச் சுற்றிப் பயந்து ஓடுவதை நிறுத்தப் பார்க்கிறேன். அவளுக்கு இடப்பக்கம் நிற்பேன், அண்ணா. அவள் தேடித் திரும்பும்போது நான் அங்கே இருப்பேன்.

உங்கள் தங்கச்சி,
ஆதிரையின் அம்மா,
வாணி