பொட்டணம் வைத்த புதன்கிழமை

1942 மார்ச் 30, திங்கள்

இன்று நாலு வரி எழுதுவேன். கை நோகாவிட்டால் ஐந்து.

என் பெயர் தம்பையா. வயது அறுபத்தெட்டு. முப்பத்தாறு வருஷம் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தேன். போன வருஷம் வரைக்கும் கைநாட்டு. குண்டு விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று எழுதிய பலகைகளை வாசிக்க வேண்டுமென்று அங்கே வகுப்பு வைத்தார்கள். நானும் என் கூட்டாளி ஸஹாப்தீனும் போனோம். பலகை மறந்து போயிற்று. எழுத்து மிஞ்சிற்று.

ஐந்து வரிக்கு மேலே வந்துவிட்டது!

ஏப்ரல் 2, வியாழன்

அரசாங்கக் கச்சேரியில் பயணப் பாஸ் தந்துவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம், மதுரை, சிதம்பரம். நாலு மாதம். பிறந்ததிலிருந்து நான் ஊரை விட்டுப் போனதில்லை. இனி நாலு மாதம் சும்மா திரிவேன். யாரும் என்னைக் கூப்பிட்டுச் சுமக்கச் சொல்ல ஏலாது.

பாஸின் அடியில் கிளாக்கர் தமிழிலும் எழுதியிருந்தார். நானே வாசித்தேன். தம்பையா. கீழே கோணேஸ்வரி. தங்கச்சியின் பெயரை வாழ்நாளில் முதல்முறை வாசித்தேன். நீளமான பெயர்.

புருஷன் செத்த நாளிலிருந்து இருபத்தெட்டு வருஷம் என்னோடு இருக்கிறாள். இராமேஸ்வரத்துச் சேதுவில் முழுக வைப்பேன் என்று அந்தச் செத்த வீட்டில் நான்தான் சொல்லியிருந்தேன். அவள் அழுகையை நிறுத்தத்தான் சொன்னது.

சமைத்துக்கொண்டிருந்தவள் குசினியிலிருந்து ஓடிவந்து கேட்டாள். "அண்ணை, ரெண்டு பேருக்கும் தந்தவங்களோ?"

கடுதாசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பார். ஒராளுக்குத்தான்."

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சண்டை முடியட்டும், பிறகு போறன்" என்றாள்.

எழுத்து தெரிந்தவன் எவ்வளவு சுகமாக இருக்கலாம் என்று இன்றைக்குத்தான் கண்டேன்.

ஏப்ரல் 4, சனி

ஏன் அப்படிச் சொன்னேன்? எழுதி வைக்கிறேன். போகிற இடமெல்லாம் மருந்து குடித்தீங்களோ என்பாள். சாராயத்தை மணந்து பிடிப்பாள். கோயிலில் என் பெயருக்கு அழுவாள். நான் ஸ்லேட்டில் 'அ' எழுதிப் பழகியபோது வேலியால் பக்கத்து வீட்டு ஸஹாப்தீனின் பெண்சாதி சுபைதாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள்.

அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் அதுதான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ரயில் கோச்சி வெள்ளிக்கிழமை பின்னேரம். பஞ்சாங்கத்தில் வெள்ளி சரியில்லை. நாளைக் காலை, புதன், நல்ல நேரம். அதனால் பரஸ்தானம் வைக்கிறோம். உடுப்பையும் ஒரு பிடி அரிசியையும் பொட்டணமாகக் கட்டி, நல்ல நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அந்த நேரத்திலேயே ஆள் புறப்பட்டதாகக் கணக்கு. வைத்தவன் பிறகு தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பயணம் முறிந்து போகும். கடல் தாண்டும்வரை பொட்டணத்தை அவிழ்க்கவும் கூடாது.

கோணேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டு கேட்டாள், பொம்பிளையளும் பரஸ்தானம் வைக்கலாமோ என்று.

"உனக்கு எதுக்கு? கிணத்தடிக்குப் போறதுக்கோ?" என்றேன். அவளும் சிரித்தாள். நான் இன்னும் சிரிக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

புறப்பட்டுவிட்டேன்! இருபது பாகம் தூரந்தான், பக்கத்து வீடு. ஸஹாப்தீன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்து எழுதுகிறேன். பொட்டணத்தைக் கோணேஸ்வரியே கட்டினாள், வெளியே அவளே தூக்கிக்கொண்டு வந்தாள், வேலிப் படலை தாண்டும்போது என் கையில் தந்தாள். கனமாக இருந்தது. அரிசி கூடப் போட்டுவிட்டாள் என்று ஏசினேன்.

ஒழுங்கைச் சந்தில் நின்று எனக்குச் சோறு தந்தாள். மீன் குழம்பு. அவள் வீட்டுக்குள்ளே சமைக்கவில்லை, முற்றமும் தாண்டி வேலிக்கு வெளியே மூன்று கல் வைத்து மூட்டியிருந்தாள். வெக்கை என்றாள்.

பொழுதுபட்ட பிறகும் உள்ளே போகவில்லை. ஒழுங்கையில் பாயை விரித்துக்கொண்டு இருக்கிறாள். துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போகின்றன, ஏதோ நடக்கப் போகிறது என்று சனம் கதைக்குது. ஆள் இல்லாத வீடென்று எவனாவது கூரை ஓட்டைக் கழற்றிக்கொண்டு போவான். நான் இங்கிருந்து சத்தம் போட்டேன்.

"உள்ளுக்குப் போய்ப் படு. வீட்டை ஆர் பாக்கிறது?"

"இண்டைக்கு மட்டும் வெளியில கிடக்கிறன் அண்ணை."

"நாயோ நீ, தெருவில கிடக்க? போ உள்ளுக்கு."

பாயைச் சுருட்டினாள். படலையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள்.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

காலையில் ஆகாசம் நிறைய விமானம். ஜப்பான்காரன். சத்தம் காதுக்குள் அல்ல, பல்லுக்குள் கேட்டது. துறைமுகப் பக்கம் கறுத்த புகை. ஒரு குண்டு எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் விழுந்தது. தூசி அடங்கினபோது எங்கள் வீட்டின் முன்சுவர் இல்லை. கூரை உள்ளே உட்கார்ந்திருந்தது.

படலைக்கு ஓடினேன். ஓடினேன், அது உண்மை. உள்ளேயிருந்து அவள் குரல். அலறவில்லை. குசினியிலிருந்து கூப்பிடுகிற மாதிரித்தான்.

"அண்ணை, கல்லைத் தூக்குங்கோ."

படலையில் கையை வைத்தேன். காலைத் தூக்கினேன். தூக்கின காலை —

மிதித்தால் முறிந்து போகும்.

திரும்ப வைத்தேன், வெளியில்.

"ஆக்களைக் கூப்பிடுறன், பொறு" என்றேன். கூப்பிட்டேன். சனம் சாக்கும் பிள்ளைகளுமாக நிலாவெளி றோட்டால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். எத்தனை நேரம்? ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் இருக்கும். ஸஹாப்தீனும் சுபைதாவும் வந்து என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே நான் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

ஸஹாப்தீன் படலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நிலத்தைப் பார்த்தான். "ஆறு அடி, அண்ணை" என்றான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் பொட்டணத்தைக் காத்துக்கொண்டு இருந்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி. காலை

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, கடல் முழுக்கு இல்லை. பாஸ் தேதி போய்விடும். காதில் விழாத சாவுக்குத் தீட்டு இல்லை. ஆகையால் யாரையும் கேட்கவில்லை. சுபைதா ஆஸ்பத்திரியால் வருகிறதைக் கண்டு மதிலுக்குப் பின்னால் போய் நின்றேன்.

இரவு, கோச்சிக்குள்

எழுத்து ஆடுகிறது.

ஸ்ரேசனில் சனம் ஒருவர்மேல் ஒருவர். பொட்டணத்தை ஸஹாப்தீன்தான் தூக்கி வந்து ஜன்னலால் தந்தான். வாயைத் திறக்கப் போனான். நான் முந்தினேன்.

"எப்பிடி இருக்கிறா எண்டு சொல்லாதேயும். கும்பிட்டுக் கேக்கிறன், நான் கடல் தாண்டுமட்டும் சொல்லாதேயும்."

"அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் முழங்கால்வரை ஈர மண், கிடங்கு வெட்டினவன் மாதிரி. மழை பெய்யவில்லை.

கேட்கவில்லை. நான் கேட்கவில்லை.

கோச்சி வெளிக்கிட்டதும், எழுத வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் வந்தது. ஜன்னலால் காற்று. ஒவ்வொரு ஸ்ரேசனிலும் பெயர்ப்பலகை. எல்லாவற்றையும் வாசித்தேன். எதிரில் இருந்த கிழவி பெரிய படிப்பாளி என்று நினைத்து எனக்கு வெற்றிலை தந்தாள். யாராவது ஜன்னலடியில் வேகமாக நடந்து வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாகோவில் இறங்கி மற்றக் கோச்சிக்கு மாறும்போது பின்னால் ஒருவர் "தம்பையா" என்றார். வேறு யாரோ தம்பையா. அதற்குப் பிறகும் கொஞ்சத் தூரம் ஓடினேன்.

ஏப்ரல் 11, சனி

தலைமன்னார்த் துறை. பாஸ் பார்க்கிற உத்தியோகத்தர் விரலை அடியில் வைத்தார். "ரெண்டு பேர் போட்டிருக்கு. மற்ற ஆள் எங்க?"

"பின்னால வாறா" என்றேன். விட்டுவிட்டார்.

கப்பலில் பாதிப் பேர் குமட்டிச் சத்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. கரை மறைந்தது. அக்கரை தெரிந்தது. கடல் தாண்டிவிட்டேன் என்று பொட்டணத்தை அவிழ்த்தேன்.

மேலே என் வேட்டி. அதற்குக் கீழே ஒரு சீலை. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. இரண்டு வருஷத்துக்கு முந்தி வாங்கி, சேதுவுக்கென்று சொல்லி ஒருநாளும் உடுக்காமல் அலுமாரியில் வைத்திருந்த சீலை. அதன் மடிப்புக்குள் வேறாக முடிந்த ஒரு பிடி அரிசி.

ஆக, பாஸில் ஒராள்தான் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. சுபைதாவின் மகள் ஜெமீலாவுக்கு வாசிக்கத் தெரியும். ஸஹாப்தீனுக்கும் தெரியும். யாரிடம் கேட்டாளோ. அல்லது கேட்காமலே என் முகத்தை வாசித்தாளோ.

புதன்கிழமை நல்ல நேரத்தில் நான் மட்டும் புறப்படவில்லை. அவளும் புறப்பட்டுவிட்டாள். கடைசி நேரத்திலாவது நான் கூப்பிடுவேன் என்றிருந்தாள். அதுதான் வேலிக்கு வெளியே சமைத்தது. அதுதான் பாய். அதுதான் படலையில் அவ்வளவு நேரம் நின்றது. தன் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை, நாயோ நீ என்று நான் கேட்கும்வரை.

நான் மிதிக்காமல் காத்த பயணத்தை அவளை மிதிக்க வைத்து முறித்தேன்.

சீலையைப் பழையபடி பொட்டணமாகக் கட்டப் பார்க்கிறேன். அவள் போட்ட முடிச்சு எனக்கு வருகுதில்லை.

ஏப்ரல் 13, திங்கள். இராமேஸ்வரம்

வருஷப்பிறப்பு. விடியவே கடற்கரை நிறையச் சனம். வேட்டியைக் கட்டிக்கொண்டு, சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். ஐயர் தர்ப்பையைத் தந்து யார் யார் பெயருக்கு என்றார். என் பெயரும் தங்கச்சி பெயரும் சொன்னேன்.

"அந்தம்மா இருக்கிறவங்களா, காலமானவங்களா? ரெண்டுக்கும் வேற வேற மந்திரம்."

எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்க தங்கச்சிங்கிறீங்க?"

பின்னால் வரிசை. அவர் தர்ப்பையை என் கையிலிருந்து வாங்கி அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

மணலில் இருந்து எழுதுகிறேன். வேட்டியும் நனையவில்லை, சீலையும் நனையவில்லை.

தபால் கந்தோருக்குப் போய் ஒரு கார்ட் வாங்கினேன். என் முதல் கடிதம். நிறைய எழுதுவேன் என்றுதான் எழுத்துப் படித்தேன். ஒரு வரிதான் வந்தது.

ஸஹாப்தீன், இனிச் சொல்லும்.