சாக்கு போட்டு மூடிய மோட்டார்

காரோடு,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி ஜெயசிங்குக்கு, கர்த்தருடைய கிருபை உன்னோடும் ஜிஜாவோடும் இருக்கட்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இந்த ஊருக்குக் கரண்ட் கொடுக்க எங்கள் சபை நிலத்தில் வரவேண்டிய சோலார் திட்டத்தைப் பாதியாக வெட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இந்த ஊருக்கு இவ்வளவு போதும் என்று காரணமும் எழுதியிருக்கிறாய். சபைக் கமிட்டியில் அதை வாசித்தபோது, யாருடைய மாமா எழுதியது என்று கேட்டார்கள். என் மகன் பினு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

போதும் என்று உனக்கு யார் சொன்னது? வீடு வீடாக வந்து கரண்ட் செலவைக் கணக்கெடுத்துப்போன உன் ஆபீஸ் ஆட்களா? அவர்கள் ஜீப் உதியன்குளங்கரையைத் தாண்டும்போதே பில்லைக் கூட்டத்தான் வருகிறார்கள் என்று ஊர் பயந்துவிட்டது. அடுத்த வீட்டு நேசமணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “அக்கா, கரண்ட் ஆபீஸ்காரனுவ வாறானுவ, பிரிட்ஜுக்க பிளக்கைப் பிடுங்கிப் போடு” என்றாள். மோட்டார்களைச் சாக்கு போட்டு மூடினார்கள். இன்டக்‌ஷன் அடுப்புகள் கட்டிலுக்கு அடியில் போயின. உன் ஆட்கள் வீட்டுக்கு இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் எழுதிக்கொண்டு, கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வெளியூர், தெரியாது. உனக்குமா தெரியாது? நம் சின்ன வயதில் மீட்டர் பார்க்க ஆள் வந்தால், “எலே, மோட்டாரை மூடுலே” என்று அப்பா யாரை விரட்டுவார்? சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீதானே! பெரிய ஆபீசில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

போன வருட பில்லையும் பார்த்தாயாம். பினுவின் ஐஸ் பிளான்ட் போன வருட பில்லில் எப்படி இருக்கும்? கரண்ட் வந்தால்தானே அவன் அதைக் கட்டவே முடியும்? பாதித் திட்டத்தில் அவனுக்கு கனெக்‌ஷன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் இன்னமும் வெளியிலிருந்து லாரியில் பாதி கரைந்துதான் வருகிறது. கடற்கரைப் பெண்கள் உச்சிவெயிலுக்கு முன்னே மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாளைக்கு வேண்டியதை நேற்றைய பில்லில் தேடுவதற்கா உன்னைப் படிக்கவைத்தோம்?

பினு வியாழக்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிறான். “அம்மா, இஞ்ச நின்னு எனக்கு என்ன உண்டு?” என்று கேட்கிறான். அவன் அப்பா கர்த்தரிடம் போனபிறகு இந்த வீட்டில் எனக்கு அவன் ஒருவன்தான். மறுபடி கணக்கெடுக்கச் சொல்ல உன்னால் முடியும் என்று அவனே சொல்கிறான். ஆனால் அதைக் கேட்டு மாமாவிடம் போய் நிற்கமாட்டேன் என்கிறான். நான் நிற்கிறேன், வெட்கமில்லாமல்.

புதன்கிழமை அவன் விடைபெற உன்னிடம் வருவான். கடல் தாண்டிப் போகிற பிள்ளையின் தலையில் தாய்மாமன் கைவைத்து ஜெபிப்பது நம் வீட்டு வழக்கம். நீயும் வை. வைக்கும்போது அந்தச் சாக்கை நினைத்துக்கொள். அதற்குப் பிறகும் இந்த ஊருக்கு இவ்வளவு போதும் என்று உனக்குத் தோன்றினால், ஆமென் சொல்லி என் மகனை அனுப்பிவிடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அக்காள்,
சுகிர்தபாய்